சனிக்கிழமை மௌனம்

தண்ணீரை மாவில் ஊற்றும் நொடியிலிருந்து அப்பம் அடுப்பை விட்டு வெளியே வரும்வரை ஸ்மரண்டா வாய் திறக்க மாட்டாள். அப்படி இருக்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வாலியா நுக்குலுய் கிராமத்துக் கோயிலின் ஞாயிறு பூசைக்கு அவளுக்கு முன் அப்பம் சுட்டுக் கொடுத்தவள் ஸாஃப்தா. மணிக்கட்டு இரண்டும் வீங்கிப் பிசைய முடியாமல் போனதும், சிலுவையும் கிறிஸ்துவின் பெயரும் செதுக்கிய மர முத்திரையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஸ்மரண்டாவின் கையில் வைத்தாள். கூடவே சொன்னது கொஞ்சம்தான். கை சுத்தமாக இருக்க வேண்டும். காலையிலிருந்து இறைச்சி, பால், முட்டை தொடக்கூடாது. யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய்ப் பேசித் தீர்த்துவிட்டு வர வேண்டும். பிசையும்போது ஜெபம் சொல்ல வேண்டும்.

"பேசலாமா அக்கா, பிசையும்போது?"

"பேசாம எப்படிடி? சாராயக்கடை ஃபானிகா பொண்டாட்டியப் பத்திப் பேசாம நான் ஒரு சனிக்கிழமையும் பிசைஞ்சதில்ல. அப்பம் நல்லாத்தான் உப்பிச்சு. கடவுளுக்கும் ஊர்க்கதை தெரிய வேண்டாமா?"

ஸ்மரண்டா சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள். யாஷ் நகரத்தில் இறையியல் படித்தவள் அவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நாவை அடக்குவதைப் பற்றி, உறக்கத்தை அடக்குவதைப் பற்றி, மனம் நாய்க்குட்டிபோல் ஓடும்போது அதைக் கட்டிப்போடுவதைப் பற்றி நிறையப் படித்திருந்தாள். படித்ததையெல்லாம் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. ஊர்ப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் மறைக்கல்வி வகுப்பு, அதுவும் நிரந்தரமில்லை. மற்ற நேரமெல்லாம் அம்மாவோடு மாட்டுக்கொட்டிலில்.

அதனால் அவள் தன் நாளை விதிகளால் கட்டினாள். விடியும் முன் எழுந்து ஜெபம். புதனும் வெள்ளியும் இருட்டும்வரை தண்ணீர்கூட இல்லாத ஒருசந்தி நோன்பு. நெற்றி தரையில் படும்படி தண்டனிடுதல். சனிக்கிழமை மௌனம். இவற்றில் ஒன்றைத் தவறாமல் செய்து முடித்த நாளில் மட்டும் தான் படித்தவள் என்று அவளுக்குத் தோன்றும். அந்த நிம்மதி கடவுளுக்கான அன்பா, தன் மேல் தனக்கு வந்த மதிப்பா என்று அவ்வப்போது யோசித்திருக்கிறாள். யோசனை பிடிக்காமல் இன்னும் கொஞ்சம் தண்டனிடுவாள்.

"படிச்ச பொண்ணுக்கு எந்த ஆபீஸும் வேலை தரல. அதான் கடவுள்கிட்டயே ஆபீஸ் நேரம் போட்டுட்டா" என்பான் அவள் அண்ணன் நெகுலாய். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகியிருந்தது. மடத்தம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அவன் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் இத்தாலிக்குப் போய், கட்டடச் சாரத்தில் நின்று வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தவன் அவன். அங்கேதான் குடியும் ஒட்டிக்கொண்டது. முதலில் குளிருக்கு, பிறகு தனிமைக்கு, பிறகு எதற்கென்று இல்லாமல். மனைவி ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாரத்தில் ஏற அவனை யாரும் நம்பாமல் ஆனதும் ஊர் திரும்பினான். திரும்பிய வருடம் அந்த வீட்டில் நடந்ததை அம்மா அக்லாயா யாரிடமும் சொல்ல மாட்டாள். கொட்டிலின் கதவில் ஒரு பலகை மட்டும் புதிதாக இருக்கும்.

மாதா விண்ணேற்புத் திருவிழா அன்று காலை, ஒருவரும் எதிர்பாராமல், அவன் சவரம் செய்துகொண்டு கோயிலுக்கு வந்தான். அன்றிலிருந்து குடிக்கவில்லை. பர்லாட் டவுனில் டயர் மாற்றும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கேயே வாடகைக்கு ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவான்.

அப்படி வந்த ஒரு ஞாயிறு. இலையுதிர்காலம், வெளியே சேறு. மேஜையில் பீன்ஸ் சூப்பும் சோளக் களியும். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். நெகுலாய் கெட்டியான களியை நூலால் அறுத்துக்கொண்டே தலைநிமிராமல் சொன்னான்.

"எப்பவும் வராது. திடீர்னு வரும். காலு தானா கடைப் பக்கம் திரும்பும். அப்போ யாராவது பேசிட்டிருந்தா தாண்டிடலாம்னு இருக்கு."

"எனக்குப் போன் பண்ணு அண்ணே. எந்த நேரம்னாலும்."

"எந்த நேரம்னாலும்?"

"எந்த நேரம்னாலும்."

"சனிக்கிழமை சாயங்காலம்? அப்போ நீ ஊமை ஆச்சே மடத்தம்மா!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நாளாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் முதல்முறையாக வெளியே சொன்னாள்.

"சனிக்கிழமை உனக்கு வராது. அந்த மௌனத்த நான் உனக்காகத்தான் வெச்சிருக்கேன். திருவிழாவுக்கு முந்தின வாரத்துல இருந்தே. நான் வாயக் கட்டுறேன், ஆண்டவர் உன் வாயக் கட்டட்டும்னு நேர்ந்துக்கிட்டேன்."

நெகுலாய் அவளையே பார்த்தான். கேலி செய்வான் என்று நினைத்தாள். அவன் களித் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

"அப்போ நீ தப்பித் தவறிப் பேசிட்டா நான் குடிச்சிடுவேன்னு சொல்ற?"

"அப்படிச் சொல்லல..."

"சரி சரி. பேசாத. எனக்காக ஒருத்தி வாய மூடிட்டிருக்கான்னு நினைச்சாலே பயந்து நடப்பேன்" என்று சிரித்தான். ஆனால் அன்று பஸ் ஏறும்போது அவள் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனான், சின்ன வயதில் செய்ததுபோல.

அதன்பின் வாரநாளில் சில முறை கூப்பிட்டான். ஒரு முறை அவள் வகுப்பில் இருந்தாள். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு வெளியே வந்து பேசினாள். அவன் டயரைப் பற்றிப் பேசினான், முதலாளியின் நாயைப் பற்றிப் பேசினான். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போயிடுச்சு" என்பான். போனது எது என்று இருவருக்கும் தெரியும். சனிக்கிழமைகளில் அவன் கூப்பிட்டதே இல்லை. அவளுக்கு அது ஒரு பதிலாகவே பட்டது. நேர்ந்துகொண்டது ஏற்கப்பட்டுவிட்டது என்று நம்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒருசந்திக் காலம். தரை கல்லாக உறைந்துவிட்ட ஒரு சனிக்கிழமை, வெளிச்சம் வடியத் தொடங்கிய நேரம். அம்மா மாலை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். ஸ்மரண்டா பின்கட்டுச் சமையலறையில் தனியாக, முழங்கை வரை மாவோடு நின்றாள். மண்ணடுப்பில் விறகு கனன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் மனதுக்குள் ஓர் "ஆண்டவரே, இரங்கும்."

அலமாரித் தட்டில் இருந்த போன் அடித்தது. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் பெயர்.

அவள் கை நின்றது. உடம்பு அலமாரிப் பக்கம் பாதி திரும்பியும்விட்டது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இது சனிக்கிழமை. இன்றைக்கு அவன் கூப்பிடுகிறான் என்றால் இன்றைக்குத்தான் சோதனை. இப்போது வாய் திறந்தால் இத்தனை வாரமாக அவனைத் தாங்கிப் பிடித்திருந்ததைத் தானே அறுத்து விடுவதாகும். கோட்டை வாசலில் எதிரி தட்டும்போதா காவல்காரன் கதவைத் திறப்பான்?

மணி நின்றது. அவள் மூச்சு விட்டாள். மறுபடியும் அடித்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பிசைந்தாள். இதுவரை அப்படி ஜெபம் செய்ததில்லை. வார்த்தை ஒவ்வொன்றும் நெஞ்சிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. அண்ணனைப் பிடி, அண்ணனைப் பிடி என்று மாவை அழுத்தினாள். தொட்டி மேஜையோடு சேர்ந்து ஆடியது. நெற்றி வேர்வை மாவில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். மணி எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. நின்றிருந்தது.

அன்றைய அப்பம்போல் அவள் கையில் அதற்கு முன் வந்ததில்லை. ஒன்றிலும் விரிசல் இல்லை. முத்திரையின் எழுத்துகள் கத்தியால் செதுக்கியதுபோல் நின்றன. அடுப்பிலிருந்து எடுத்துத் துணிமேல் அடுக்கியபோது அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் பிற்பாடு அவளால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

கை கழுவி, ஈரம் துடைத்து, அவனைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது.

ஞாயிறு அவன் வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய எல்லோரும் போன பிறகும் அம்மா நிறுத்தத்தில் நின்றுவிட்டு வந்தாள். திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்மரண்டா பர்லாட் போனாள்.

பட்டறை முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் ரெஞ்சைத் துடைத்தார். "பனிக்கால டயர் எல்லாரும் மாத்தியாச்சும்மா. இனி மார்ச்சு வரைக்கும் ரெண்டு பேருக்கு வேலை இல்ல. சனிக்கிழமை மத்தியானம் சொன்னேன். நாய்க்குப் பிஸ்கட் போட்டுட்டுப் போனான்."

அறை வாடகைக்கு விட்ட தோம்னிகா என்ற அம்மாள் அவளை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். நிறுத்தாமல் பேசுகிறவள்.

"நீதான் அந்தத் தங்கச்சியா? ஐயோ கண்ணு. அன்னிக்கு இந்தப் படிக்கட்டுலதான் உக்காந்திருந்தான். அந்தக் குளிர்ல, தொப்பி கூட இல்லாம. போனக் கையில வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டிருந்தான். 'யாரப்பா, பொண்ணா?'ன்னு கேட்டேன். 'இல்ல, தங்கச்சி. எனக்காக வாய மூடிட்டிருக்கா'ன்னான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவன் சிரிச்சான். பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனான்."

"குடிச்சிருந்தாரா?"

"இல்லவே இல்ல. பக்கத்துலதானே நின்னேன். வாசனை தெரியாதா எனக்கு? என் புருஷன் கூட எத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்!"

ஸ்மரண்டா டீயைக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டது, குடித்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மதுக்கடையில் அவனைத் தெரிந்திருந்தது. வந்தான், குடித்தான், மறுபடியும் குடித்தான், யாரோடும் பேசவில்லை. அதன் பிறகு ஆளுக்கொரு கதை. சனிக்கிழமை கிளம்பும் இத்தாலி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன் என்றார் ஒருவர். இல்லை, ஆற்றுப் பாலத்துப் பக்கம் நடந்து போனான், பை அவன் கையில் இல்லை என்றார் இன்னொருவர். பஸ் கம்பெனியில் அந்தப் பெயரில் யாரும் ஏறவில்லை என்றார்கள். டிரைவர் வழியில் கைநீட்டினவனையும் ஏற்றிக்கொள்வார், அதற்கெல்லாம் பெயர் ஏது என்றும் அவர்களே சொன்னார்கள். போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். வயது வந்த ஆள், எங்கே போனாலும் அவர் விருப்பம் என்றார்கள். ஆற்றைப் பனிக்கட்டி மூடியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். போன் அடித்ததையும் சொன்னாள். அக்லாயா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், கத்தியை நிறுத்தவில்லை. அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டே, திட்டும் குரலில்கூட இல்லாமல், கேட்டாள்.

"மாவு ஒட்டினா என்ன? கழுவிக்கலாமே, பாப்பா. போனத்தானே... கழுவிக்கலாமே."

அதன்பின் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் ஸ்மரண்டாவுக்கு அந்தக் குரல் கேட்டது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். லவ்ரென்ட்ஸியு பாதிரியாருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அந்தச் சபை வழக்கப்படி மணமானவர்; வீட்டில் சின்னப் பிள்ளைகள், இரண்டு ஊர்க் கோயில்கள், எப்போதும் தூக்கம் போதாத கண்கள். அவள் முழங்காலில் நின்று எல்லாம் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"எடுத்திருக்கணும்" என்றார் முடிவில். "வேற என்ன சொன்னாலும் அது பொய்யா இருக்கும்மா. எடுத்திருக்கணும்."

"தெரியும் சாமி."

"ஆனா நீ எடுத்திருந்தா அவன் குடிச்சிருக்க மாட்டான்னும் எனக்குச் சொல்லத் தெரியல."

"எனக்கு ஏதாவது கட்டளை கொடுங்க சாமி. ஒருசந்தி கொடுங்க. தண்டம் கொடுங்க. எவ்வளவுன்னாலும் பண்றேன்."

அவர் கழுத்திலிருந்து தொங்கிய பூசைப் பட்டையின் நுனியை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஒருசந்தி கொடுத்தா நீ நல்லாச் செஞ்சு முடிச்சிடுவ. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் தலை கவிழ்ந்தது.

"சனிக்கிழமை வழக்கம்போல அப்பம் சுடு. போன் வந்தா எடு. அவ்வளவுதான்."

"வரலைன்னா?"

அவர் பட்டையை அவள் தலைமேல் போர்த்தி மன்னிப்பின் ஜெபத்தைச் சொன்னார். வெளியே அடுத்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னபடியே செய்தாள். செய்வதற்கு அவ்வளவு குறைவாக இருந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. விடியுமுன் எழுவாள், ஜெபத்தில் நிற்பாள். முன்பு வார்த்தைகள் அவளைத் தூக்கிக்கொண்டு போகும். இப்போது வெறும் வாய்தான் அசையும். விட்டுவிடலாமா என்று பார்த்தாள். விட்டுவிட்டால் அவனுக்காக அவள் செய்ய ஒன்றுமே மிஞ்சாது. தொடர்ந்தால், அவனைத் தொலைத்ததும் இதே கையால்தான் என்று இருக்கும். இரண்டு பக்கமும் வழியில்லாமல் முழங்காலில் நின்றாள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய ஒருசந்திக்கு முன், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் சனிக்கிழமை வந்தது. பெண்கள் வேகவைத்த கோதுமைத் தட்டும் மெழுகுதிரியுமாகக் கோயிலுக்குப் போனார்கள். ஃபானிகா மனைவி வாசலில் நின்று, மெல்லிய குரலில், "நெகுலாய் பேருக்கும் ஒரு திரி ஏத்திடலாமே அக்கா, ஆத்துமாவுக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊத்தி..." என்று தொடங்கினாள். அக்லாயா அவள் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள்.

"உன் கடையில எம்புள்ள எவ்வளவு குடிச்சிருக்கான்? இன்னும் அவனுக்கு ஊத்தணுமா உனக்கு? போ. அவன் உசுரோட இருக்கான்."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். "இருக்கான்ல?" என்றாள் மகளைப் பார்த்து. ஸ்மரண்டா வாய் திறந்தாள். எத்தனையோ சனிக்கிழமை முயன்று அடக்கிய நாக்கு, இப்போது வேண்டும் என்று தேடும்போது அசையவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார மட்டும் முடிந்தது.

அன்று மாலை மாவில் தண்ணீர் ஊற்றினாள். போன் தொட்டிக்குப் பக்கத்தில், மேஜையின் மேலேயே இருந்தது. பிசையத் தொடங்கியதும் அது அடித்தது.

பெயரைக்கூடப் பார்க்காமல் மாவுக் கையால் பிடுங்கினாள். "அண்ணே?"

"நான்தாண்டி, ஸாஃப்தா" என்றது மறுமுனை. "வாயத் திறந்துட்டியா? நல்லது. சும்மாத்தான் கூப்பிட்டேன். தனியா இருப்பியேன்னு. கேளு, ஃபானிகா பொண்டாட்டி இன்னிக்கு என்ன சொல்லிட்டா தெரியுமா..."

ஸ்மரண்டா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பிசைந்தாள். ஸாஃப்தா நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறாள். அது அவளுக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடுவாள், அதற்கடுத்ததும். கதை நீண்டது. கொஞ்சம் கேட்டாள். பிறகு அவளால் முடியவில்லை.

"அக்கா, வெச்சிடுங்க அக்கா. லைன் கிடைக்காமப் போயிடும்."

"ஆமாண்டி. ஆமா. வெக்கிறேன், வெக்கிறேன்" என்று ஸாஃப்தா அவசரமாக வைத்தாள்.

திரையில் மாவு அப்பியிருந்தது. முழங்கையால் துடைத்தாள். ஒன்றும் இல்லை. அடுப்பில் விறகு வெடித்தது. ஒரு கண் போன்மேல் வைத்துப் பிசைந்ததில் மாவு சரியாக வரவில்லை. சுட்டு எடுத்தபோது ஓர் அப்பத்தின் முத்திரைக்கு நடுவே விரிசல் ஓடியிருந்தது.

காலையில் பீடத்தின் பக்கவாசலில் பாதிரியார் அப்பங்களை வாங்கிக்கொண்டார். விரிசல் விட்டதைத் திருப்பிப் பார்த்தார். கிறிஸ்துவின் பங்கை வெட்டியெடுக்க அது ஆகாது. மற்றவர்களின் பெயரைச் சொல்லி ஜெபித்து அவரவருக்கு ஒரு துணுக்கு எடுக்க ஆகும். இருப்பவர்களின் துணுக்குகள் தட்டில் ஓர் இடத்தில், இறந்தவர்களுடையவை இன்னோர் இடத்தில்.

"நெகுலாய்" என்றாள் அவள். "இருக்கறவங்க பக்கம் வைங்க சாமி."

அவர் அவளைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு உள்ளே போனார். ஸ்மரண்டா திரும்பிப் பெண்கள் நிற்கும் இடத்தில், அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். போனை அணைத்து வைக்கச் சொல்லிக் கதவில் ஒட்டியிருந்த தாள் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அவள் போன் கோட்டுப் பையில், சத்தம் முழுவதும் ஏற்றி வைத்தபடி இருந்தது. பாடகர் தொடங்கியதும் அவள் கையைப் பைக்குள் விட்டு அதைப் பிடித்துக்கொண்டாள்.